பிசினஸுக்கு நல்ல லேப்டாப் வாங்கணுமா? தென்னாப்பிரிக்காவுல நம்மாளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

மிட்ராண்ட், ஃபோர்வேஸ், லெனேசியா, டர்பன்னு எங்க நம்மாளுங்க கூடினாலும் சாப்பாட்டு வரிசையில நிக்கும்போதே யாராவது ஒருத்தர் "லேப்டாப் ஒண்ணு பாக்கணும்"னு ஆரம்பிச்சுடறாங்க, நாம ஐடில இருக்கோம்னு தெரிஞ்சா போதும். ஒவ்வொருத்தருக்கும் வாட்சப்ல தனித்தனியா அதையே டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். கேள்விங்க கேட்டவங்க வாய்மொழியிலயே இருக்கு. கேமிங் மெஷின், பசங்க ஸ்கூல் லேப்டாப் இதெல்லாம் இங்க கெடையாது. ஆஃபீஸ் வேலைக்கும் சொந்தத் தொழிலுக்கும் சுமார் 25,000 ரேண்டுக்கு மேல போடத் தயாரா இருக்கவங்களுக்கு மட்டும்தான் இது.

பிரீமியம் பிரீமியம்ங்கறாங்களே, 12,000 ரேண்ட் லேப்டாப்லயும் எக்செல் ஓடத்தானே செய்யுது, 40,000 எதுக்குங்க குடுக்கணும்?

எக்செல் ஓடும், அதுல சந்தேகமே இல்ல. வித்தியாசம் தெரியறது ரெண்டாவது மூணாவது வருஷத்துல. விலை கம்மியான மெஷின்ல ஹிஞ்சை பிளாஸ்டிக்லயே திருகியிருப்பாங்க, தெனமும் தொறந்து மூடித் தொறந்து மூடி ஒரு நாள் ஸ்க்ரீன் ஓரம் பிதுங்கிட்டு நிக்கும், அப்புறம் மூடவே பயமா இருக்கும். கடைக்குப் போனீங்கன்னா மூணு விஷயம் பண்ணிப் பாருங்க: ஒத்த விரலால மூடியைத் தொறங்க, அடிப்பாகம் கூடவே தூக்கிட்டு வரக்கூடாது, கீபோர்டு நடுவுல கட்டை விரலால அமுக்குங்க, பள்ளமா எறங்கக்கூடாது, ஒரு மூலையை மட்டும் புடிச்சு தூக்குங்க, உடம்பு முறுக்கிக்கிட்டு கிர்ருனு சத்தம் வரக்கூடாது. சேல்ஸ்மேன் மொறைப்பார், மொறைக்கட்டும்.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. பளபளன்னு அலுமினிய உடம்போட, ஓஎல்ஈடி ஸ்க்ரீனோட 35,000 ரேண்டுக்கு இருக்கறதெல்லாம் பிசினஸ் லேப்டாப் ஆயிடாது. அதுல பாதிக்கு மேல வீட்டு உபயோகத்துக்கான பிரீமியம். பிசினஸ் லைன்னு கம்பெனிங்க தனியா வெச்சிருக்கதுல உங்களுக்குக் கெடைக்கறது வேற: மூணு வருஷம் வரைக்கும் ஆன்சைட் வாரண்டி (ஆள் நம்ம எடத்துக்கே வந்து சரி பண்றது), ஸ்பேர் பார்ட்ஸ் பல வருஷத்துக்கு, கழட்டி மாட்டறதுக்கான மேனுவல் எல்லாருக்கும் திறந்தே, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடியே ஓடற அடிப்படை சாஃப்ட்வேர்) செக்யூரிட்டி வசதிங்க. நீங்க காசு குடுக்கறது வேகத்துக்குன்னு நெனைக்காதீங்க, மெஷின் நின்னு போச்சுன்னா எத்தனை நாள்ல திரும்ப ஓடும்ங்கறதுக்குத்தான் குடுக்கறீங்க.

அண்ணே, கதையெல்லாம் வேணாம், எந்த மாடல் வாங்கணும்னு நேரா சொல்லுங்க.

சரி. லெனோவோல திங்க்பேட் டி சீரிஸ் இல்லன்னா எக்ஸ்1 கார்பன். எச்பில எலிட்புக். டெல்ல முன்ன லாட்டிட்யூட்னு இருந்தது, 2025 ஜனவரில பேரையெல்லாம் மாத்தி டெல் ப்ரோ, டெல் ப்ரோ ப்ளஸ், டெல் ப்ரோ பிரீமியம்னு ஆக்கிட்டாங்க. கடையில "ப்ரோ"ன்னு மட்டும் இருந்தா அது அந்த வரிசையில கீழ்ப்படி, அதையும் பிரீமியம் விலைக்கு தள்ளப் பாப்பாங்க. அதே மாதிரி திங்க்பேட் ஈ சீரிஸ், திங்க்புக், எச்பி ப்ரோபுக் இதெல்லாம் மோசமில்ல, ஆனா ஒரு படி கீழ. ஆப்பிள் பத்தி தனியா கீழ இருக்கு.

நெறைய பயணம் போறவங்களுக்கு எக்ஸ்1 கார்பன், 14 இன்ச்ல ஒரு கிலோவுக்குள்ள. டேபிள்லயே உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு என்னோட ஓட்டு டி14-க்குத்தான், கொஞ்சம் கனம், பாக்க ஒண்ணும் அழகில்ல, ஆனா ஜென் 5 இன்டெல் மாடல்ல ராமுக்கு ரெண்டு ஸ்லாட் இருக்கு, பேட்டரியை நாமளே மாத்தலாம். 2024-ல ஐஃபிக்சிட்ங்கற ரிப்பேர் வழிகாட்டி வெப்சைட்காரங்க ரிப்பேர் வசதிக்கு பத்துக்கு ஒம்போது குடுத்தாங்க அதுக்கு. டி14எஸ்னு ஒண்ணு இருக்கு, பேருல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா அதுல ராம் போர்டோட சால்டர் பண்ணிடுவாங்க, பின்னாடி மாத்த முடியாது. பில் போடறப்போ அந்த எழுத்தைப் பாத்துக்கோங்க.

16 ஜிபி ராம் போதுமா, ஐ5 வாங்கறதா ஐ7 வாங்கறதா?

ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா ஐ7-ஐ விட்டுட்டு ராமுக்குப் போடுங்க. மெயில், எக்செல், டீம்ஸ், பிரவுசர்ல இருபது டேப் இதுதான் வேலைன்னா 16 போதும். அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர், பெரிய ஃபைல்ங்க, விர்ச்சுவல் மெஷின் இதெல்லாம் உண்டுன்னா 32. எக்ஸ்1 கார்பன் மாதிரி மெல்லிசான மெஷின்ல பின்னாடி ஏத்த முடியாது, அதனால அஞ்சு வருஷம் ஓட்டணும்னா இப்பவே 32 எடுத்துடுங்க. 2025 கடைசிலருந்து மெமரி விலை உலகம் முழுக்க ஏறிப்போச்சு, ஏஐ சர்வர்காரங்க அள்ளிட்டுப் போறதால, அதனால இது முன்ன மாதிரி சில்லறை வித்தியாசம் இல்ல, தெரிஞ்சேதான் சொல்றேன்.

இப்ப இன்டெல்ல ஐ5, ஐ7ங்கற பேரே போயி கோர் அல்ட்ரா 5, அல்ட்ரா 7னு வருது. கடைசில "வி"ன்னு முடியற நம்பர் இருந்தா ராம் சிப் கூடவே ஒட்டி வருது, அதிகபட்சம் 32 தான். அதுல ஒரு சூட்சுமம்: வி-க்கு முன்னாடி இருக்க நம்பர் 6னா 16 ஜிபி, 8னா 32 ஜிபி. 256வின்னா 16, 258வின்னா 32. வெப்சைட்ல விவரம் தப்பா போட்டிருந்தாலும் இந்த நம்பர் பொய் சொல்லாது. அப்புறம் "அல்ட்ரா"ங்கற வார்த்தையே இல்லாம "கோர் 7 150யூ"ன்னு இருந்தா அது பழைய டிசைன், புதுப் பேர்ல வருது. ஓடும், ஆனா பிரீமியம் விலை குடுக்காதீங்க.

மேக்புக் வாங்கிடலாமா? எல்லாரும் பேட்டரி சூப்பர்ங்கறாங்க.

பேட்டரி சூப்பர்தான், சத்தமே இல்ல, விசிறியே கெடையாது மேக்புக் ஏர்ல. ஆனா முதல்ல நீங்க என்ன சாஃப்ட்வேர் ஓட்டறீங்கன்னு சொல்லுங்க. சேஜ் பேஸ்டலோட டெஸ்க்டாப் வெர்ஷன், ஊர்லருந்து வந்தவங்க வெச்சிருக்க டாலி, ரெண்டுமே விண்டோஸுக்கான அக்கவுன்ட்ஸ் சாமான். மேக்குக்குள்ளயே விண்டோஸை ஓட்டற பேரலல்ஸ் போட்டு ஓட்டலாம்னு யாராவது சொல்வாங்க, ஓட்டலாம்தான், ஆனா அதுக்குள்ள ஓடறது ஏஆர்எம் விண்டோஸ், அதாவது இன்டெல், ஏஎம்டி இல்லாத வேற வகை சிப்புக்கானது, கூடவே பேரலல்ஸுக்குத் தனியா காசு. மாசக் கடைசில ஜிஎஸ்டியோ வாட் (VAT) வரியோ ஃபைல் பண்ற நேரத்துல அந்த சோதனை நமக்கு எதுக்கு. எல்லாமே பிரவுசர்லதான் நடக்குது, சீரோ (Xero) மாதிரி க்ளவுட் அக்கவுன்டிங்ன்னா தாராளமா மேக் வாங்குங்க.

ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கவங்க கவனிங்க. எம்1, எம்2 சிப் இருக்க ஏர்ல ஒரே ஒரு வெளி மானிட்டர்தான் நேரடியா ஓடும். எம்3 ஏர்ல ரெண்டு ஓடும், ஆனா மூடியை மூடி வெக்கணும். எம்4 ஏர்லருந்துதான் மூடி தொறந்திருக்கும்போதே ரெண்டு. இங்க கடைங்கள்ல பழைய எம்2 ஸ்டாக்கை ஆஃபர்னு போடுவாங்க, அதை வாங்கிட்டு வந்து ரெண்டாவது மானிட்டர் ஏன் வரலைன்னு ராத்திரி ஒம்போது மணிக்கு போன் பண்ணாதீங்க.

ஸ்நாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப்னு ஒண்ணு ஆஃபர்ல இருக்கு, பேட்டரி மேக் மாதிரியே நிக்கும்னு சொல்றார் கடைக்காரர்.

பொய் சொல்லல அவர். இந்த ஸ்நாப்டிராகன் எக்ஸ் வரிசை 2024 ஜூன்லருந்து வர ஆரம்பிச்சது, நல்ல மெஷின்தான். ஆனா இதுவும் ஏஆர்எம் சிப், அதனால பிரச்சினை டிரைவர். சாதாரண புரோகிராமை எமுலேஷன்ல (இன்டெல் மெஷின் மாதிரி நடிச்சு) ஓட்டிடும், ஆனா பழைய பிரின்டர், பில் ஸ்கேனர், சில கம்பெனி விபிஎன், கைரேகை மெஷின் இதுக்கெல்லாம் ஏஆர்எம் டிரைவர் தனியா வேணும், இல்லன்னா வேலை செய்யாது, சுத்தி வளைச்சும் வழி கெடையாது. ஆஃபீஸ்ல இருக்க சாமான் லிஸ்டை எழுதி ஒவ்வொண்ணுக்கும் டிரைவர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. அதுக்குப் பொறுமை இல்லன்னா இன்டெல், ஏஎம்டிலயே இருங்க.

லோட் ஷெட்டிங்தான் போயிடுச்சே, இன்னும் பேட்டரி பேட்டரின்னு எதுக்கு பாக்கணும்?

முறை வெச்சு கரண்டை நிறுத்தற அந்த லோட் ஷெட்டிங் 2024 மார்ச் 26-ல நின்னது, பத்து மாசம் நிம்மதியா இருந்தோம், 2025 ஜனவரி கடைசில திரும்ப வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. அதோட சில ஏரியால லோட் ரிடக்‌ஷன் (லோடு தாங்காத ஏரியாவை மட்டும் அணைக்கறது), கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் வெடிச்சதுன்னு கரண்டு போறது நிக்கவே இல்லயே. பழைய கணக்குல ஒரு ஸ்லாட் ரெண்டரை மணி நேரம், அதை ரெண்டு தடவை தாங்கினா போதும்னு வெச்சுக்கோங்க.

விளம்பரத்துல 18 மணி நேரம்னு போட்டிருப்பாங்க, அதை நம்பாம பேட்டரி எவ்வளவு புடிக்கும்னு காட்டற வாட் ஹவர் எவ்வளவுன்னு பாருங்க. 57 வாட் ஹவர் பேட்டரி, நீங்க பாக்கற வேலைக்கு மெஷின் சராசரியா 10 வாட் இழுக்குதுன்னா அஞ்சே முக்கால் மணி நேரம்கிட்ட. டீம்ஸ் வீடியோ கால் ஓடிட்டே இருந்தா இன்னும் கொறையும். அதுக்கும் மேல லேப்டாப் மட்டும் உயிரோட இருந்து பிரயோஜனமில்ல, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் செத்துட்டா மீட்டிங் போச்சு. ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போடறது, பெரிய பேட்டரி மாடலுக்கு கூடுதலா ஆயிரக்கணக்குல குடுக்கறதை விட புத்திசாலித்தனம்.

பவர் பேங்க் வாங்கறதா இருந்தா யூஎஸ்பி சி-ல 65 வாட் குடுக்கறதா பாருங்க, போனுக்குன்னு இருக்கற சின்னது லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பாக்காது. விமானத்துல 100 வாட் ஹவர் வரைக்கும் கைப்பையில கொண்டு போலாம், செக்கின் பெட்டில போடக்கூடாது. அப்புறம் கரண்டு போனதும் சார்ஜரை புடுங்கிடுங்க, திரும்ப வர்றப்போ வர்ற அடிதான் சார்ஜரைக் கொல்லுது. எப்பவும் சொருகியே வெச்சிருக்கவங்க 80 சதவீதத்துல நிறுத்தற செட்டிங்கைப் போட்டுக்கோங்க, லெனோவோ, டெல், எச்பி மூணுலயும் இருக்கு.

ஓஎல்ஈடி ஸ்க்ரீன் எடுக்கலாமா? பாக்க கண்ணைப் பறிக்குது.

டிசைன், போட்டோ வேலைன்னா எடுங்க. நாள் முழுக்க எக்செல், வேர்டு, மெயில்னா வேணாம். ஓஎல்ஈடி கறுப்புல மிச்சம் பண்ணும், வெள்ளைல கரண்டு குடிக்கும், நம்ம வேலை பூரா வெள்ளை பேக்கிரவுண்ட்தான். டாஸ்க்பார் வருஷக்கணக்கா ஒரே எடத்துல நின்னா தழும்பு விழற வாய்ப்பும் இருக்கு. 1920க்கு 1200, சாதாரண ஐபிஎஸ் பேனல், பளபளக்காத மேட், வெளிச்சம் 400 நிட்ஸ், இது போதும். 300 நிட்ஸ்னு போட்டிருந்தா ஜோபர்க் பக்கத்து ஹைவெல்ட் மேட்டு நிலத்துல நம்ம வெயில்ல ஜன்னலோரம் உக்காந்தீங்கன்னா உங்க மூஞ்சிதான் தெரியும்.

விண்டோஸ் ஹோம், ப்ரோ, எது?

ப்ரோ. டிஸ்க்கையே பூட்டி வெக்கற பிட்லாக்கரை முழுசா கட்டுப்படுத்தறது, ஆஃபீஸ் டொமைன்ல சேர்க்கறது, வெளியிலருந்து ரிமோட் டெஸ்க்டாப்ல அந்த மெஷினுக்குள்ள வர்றது எல்லாம் ப்ரோலதான். பிசினஸ் மாடல்ல பெரும்பாலும் ப்ரோவே வரும், ஹோமோட வந்தா அது உண்மையிலேயே பிசினஸ் மாடலான்னு ஒரு தடவை யோசிங்க. விண்டோஸ் 10-ஐ வெச்சே ஓட்டிட்டிருக்கவங்களுக்கு: 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சு போச்சு, கஸ்டமர் டேட்டா வெச்சிருக்க மெஷின்ல அதை இனிமே வெக்காதீங்க.

ஒரு வருஷ வாரண்டிதான் எல்லாத்துக்கும் இருக்கே, மூணு வருஷத்துக்கு தனியா காசு கட்டணுமா?

வருஷத்தை மட்டும் பாக்காதீங்க, அது கேரி-இன்னா ஆன்சைட்டான்னு பாருங்க. கேரி-இன்னா நீங்கதான் தூக்கிட்டு போய் குடுக்கணும், அவங்க வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புவாங்க, பார்ட்ஸ் வரணும், க்யூ இருக்கு. ஆன்சைட்னா அவங்க ஆள் உங்க ஆஃபீஸுக்கு வந்து மாத்திட்டுப் போவார், "நெக்ஸ்ட் பிசினஸ் டே"ன்னு பேரு, பார்ட்ஸ் இருந்தா அப்படித்தான் நடக்கும். கெம்ப்டன் பார்க்ல கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ஸி வெச்சிருக்க ஒருத்தர் வீட்டு உபயோக மாடல் ஒண்ணு வாங்கினார், மதர்போர்டு போச்சு, கடைல குடுத்தா வாரக்கணக்குல "பார்ட்ஸ் வந்துட்டிருக்கு சார்"னே பதில். அந்த நாள்லயெல்லாம் அவர் ஆளுங்க கன்டெய்னர் பேப்பரை போன்லயே பாத்து பாத்து டிக்ளரேஷன் போட்டாங்க. மூணு வருஷ ஆன்சைட்டுக்கு அவர் மிச்சம் பண்ண காசு அந்த முதல் வாரத்துலயே போயிருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரைக் கேட்டு வாங்கி கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க, எந்த நாட்டுக்கு, எந்த தேதி வரைக்கும், என்ன வகைன்னு மூணுமே வரும். நம்பர் தரமாட்டேன்னா அங்க வாங்காதீங்க. காப்பி கொட்டினா, கீழ போட்டா இந்த வாரண்டி உதவாது, அதுக்கு ஆக்சிடென்டல் டேமேஜ்னு தனியா விக்கறாங்க. மீட்டிங் மீட்டிங்னு கையில தூக்கிட்டு அலையறவங்களுக்கு அது தேவை, டேபிளை விட்டு நகராதவங்களுக்கு வேணாம்.

அடுத்த மாசம் ஊருக்கு போறேன், சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்துடட்டுமா, லாபமா இருக்குமா?

ஆசை எல்லாருக்கும் இருக்கு. கணக்கு போடுவோம். அங்க விலையிலயே 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ள இருக்கு, நம்ம வாட் வரி 15 தான். திரும்பி வர்றப்போ ஓஆர் டாம்போ ஏர்போர்ட்ல ஒரு ஆளுக்கு 5,000 ரேண்ட் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல அடுத்த 20,000 ரேண்ட் வரைக்கும் மொத்தமா 20 சதவீதம். 24,000 ரேண்ட் மதிப்புள்ள லேப்டாப்னா மிச்ச 19,000-க்கு 3,800 ரேண்ட் கட்டணும். இந்தச் சலுகையும் 30 நாளைக்கு ஒரு தடவைதான், குறைஞ்சது 48 மணி நேரம் வெளிநாட்டுல இருந்திருக்கணும். பெட்டியைப் பிரிச்சு பழசு மாதிரி கொண்டாந்தா கேக்கமாட்டாங்கன்னு சொல்வாங்க, சட்டத்துல புதுசு பழசு ரெண்டும் ஒண்ணுதான். இங்கிருந்து எடுத்துட்டுப் போற லேப்டாப்பை போறப்போவே கஸ்டம்ஸ்ல பதிவு பண்ணிட்டா திரும்பறப்போ அந்தப் பேச்சு வராது.

அதுக்கு மேல முந்தின பதில்ல சொன்ன ஆன்சைட் பிரச்சினை. அங்க வாங்கின ஆன்சைட் வாரண்டி இங்க அப்படியே செல்லும்னு எண்ணக்கூடாது. ஆப்பிளோட ஒரு வருஷ வாரண்டி உலகம் முழுக்க, டெல்ல நாடு மாத்தி ரிஜிஸ்டர் பண்ற வழி இருக்கு, மத்ததெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனி வாட்ல ரிஜிஸ்டர் ஆகியிருந்தா இங்க வாங்கினாத்தான் வாட்டைத் திரும்ப எடுக்கற பில் சுலபமா கையில இருக்கும். சொந்த உபயோகத்துக்கு மேக்புக்னா சரி, தொழிலுக்கு விண்டோஸ் மெஷின்னா இங்கயே வாங்குங்கன்னுதான் சொல்வேன். அப்படியே வாங்கினாலும் சார்ஜரைத் தூக்கிப் போடாதீங்க, அந்த சின்ன மூணு முள் பிளக் இங்க சேராது, ஆனா சுவத்துக்கும் சார்ஜர் கட்டைக்கும் நடுவுல இருக்க ஒயரை மட்டும் இங்க வாங்கி மாத்திட்டா போதும்.

ஆன்லைன்ல ஒரு கடையில 6,000 ரேண்ட் கம்மியா இருக்கு, எப்படி?

பெரும்பாலும் கிரே இம்போர்ட், அதாவது பிராண்டோட இங்கத்த ஏஜென்ட் வழியா வராம வேற நாட்டுலருந்து நேரா கொண்டாந்தது. சட்டத்துக்குப் புறம்பு இல்ல, ஆனா அப்படி விக்கறவங்க அதைத் தெளிவா எழுதிப் போடணும்னு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 25-ஆம் பிரிவே இருக்கு. போட்டிருப்பாங்க, பொடி எழுத்துல. வாரண்டின்னு அவங்க சொல்றது கடையோட வாரண்டி, கம்பெனியோடது இல்ல. மேல சொன்ன சீரியல் நம்பர் வேலையைப் பண்ணுங்க, நாடு தென்னாப்பிரிக்கான்னு வரலைன்னா கதை தெரிஞ்சுடும்.

பிளாக் ஃப்ரைடே வரைக்கும் காத்திருக்கலாமா?

வீட்டு மாடல்னா காத்திருங்க. எலிட்புக், திங்க்பேட் டி சீரிஸ் இதெல்லாம் அன்னிக்கு பெரிசா எறங்காது. அதுக்கு ரீசெல்லர்கிட்ட கொட்டேஷன் கேளுங்க, ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டு ஒருத்தர் விலையை இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசால துணி எடுக்கறப்போ பேரம் பேசத் தெரிஞ்ச நமக்கு இங்க மட்டும் என்ன கூச்சம்.

ரீஃபர்பிஷ்ட் எக்ஸ்1 கார்பன் பாதி விலைக்கு கெடைக்குது, எடுக்கலாமா?

எடுக்கலாம், பெரிய கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு விட்டதுதான் அதெல்லாம். பாத்து எடுங்க. இன்டெல் எட்டாவது தலைமுறைக்கு கீழ இருந்தா விண்டோஸ் 11-க்கு ஆதரவு இல்ல, வேணவே வேணாம். ஆன் பண்ணி பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க, பாஸ்வேர்டு கேட்டா திரும்பக் குடுத்துடுங்க. விண்டோஸை புதுசா செட்டப் பண்ணி இன்டர்நெட்ல சேர்க்கறப்போ யாரோ ஒரு கம்பெனி பேரைக் காட்டி அவங்க மெயில் ஐடியைக் கேட்டா அது இன்னும் அவங்க கட்டுப்பாட்டுலதான் இருக்குன்னு அர்த்தம், மேக்ல ஆக்டிவேஷன் லாக்கும் அப்படித்தான்.

பேட்டரிக்கு கடைக்காரர் வாய் வார்த்தை வேணாம், விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதுல டிசைன் கெப்பாசிட்டி 57,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 41,000னு இருந்தா 72 சதவீதம்தான் மிச்சம், புது பேட்டரி காசை விலையிலருந்து கழிச்சுப் பேசுங்க.

கம்பெனி பேர்ல வாங்கறதா, என் பேர்ல வாங்கறதா? அக்கவுன்டன்ட் ஒண்ணு சொல்றார், கடைக்காரர் ஒண்ணு சொல்றார்.

ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லியிருப்பாங்க, வேற வேற விஷயத்தைப் பத்தி. வரி பக்கம் பாத்தா கம்பெனி பேர்தான். 46,000 ரேண்ட் லேப்டாப்ல 6,000 ரேண்ட் வாட் வரி. கம்பெனி வாட்ல இருந்தா அந்த 6,000 திரும்ப வரும், மிச்ச 40,000-ஐ மூணு வருஷத்துல தேய்மானமா எழுதலாம், சார்ஸ் (இங்கத்த வரித்துறை) கம்ப்யூட்டருக்கு ஏத்துக்கறது மூணு வருஷம், வருஷத்துக்கு 13,333. 7,000 ரேண்டுக்கு கீழ இருக்க சாமானை மட்டும்தான் அதே வருஷத்துல முழுசா எழுத முடியும், டாக்கிங் ஸ்டேஷன், மானிட்டரெல்லாம் தனித்தனியா வாங்கினா அதுல வரலாம். 5,000 ரேண்டுக்கு மேலன்னா முழு டாக்ஸ் இன்வாய்ஸ் வேணும், அதுல உங்க கம்பெனி பேர், விலாசம், வாட் நம்பர் இருக்கணும். கடையில அவசரத்துல "கேஷ் சேல்"னு அடிச்சுக் குடுப்பாங்க, அங்கயே மாத்தி வாங்கிடுங்க, பின்னாடி கேட்டா கெஞ்சணும்.

நுகர்வோர் உரிமை பக்கம் பாத்தா தலைகீழ். பழுது வந்தா ஆறு மாசத்துக்குள்ள ரிப்பேரா, மாத்தித் தர்றதா, பணமான்னு நாமளே கேக்கற உரிமை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, ஆனா வருஷ டர்னோவரோ சொத்தோ 20 லட்சம் ரேண்டைத் தொட்ட கம்பெனிக்கு அது கெடையாது. ஆன்லைன்ல வாங்கி ஏழு நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் குடுக்கறதும் தனி மனுஷனுக்குத்தான், கம்பெனிக்கு இல்ல. சோல் ப்ராப்ரைட்டரா இருந்தா நீங்க தனி மனுஷன்தான், கவலையில்ல. பெரிய கம்பெனின்னா சட்டம் காப்பாத்தாது, மேல சொன்ன வாரண்டி பேப்பர்தான் காப்பாத்தும். அதனாலதான் ஆன்சைட் ஆன்சைட்னு கத்திட்டிருக்கேன்.

நான் சம்பளக்காரன், ஆனா லேப்டாப் நானே வாங்கிக்கணும்னு சொல்லிட்டாங்க. டாக்ஸ்ல கழிக்க முடியுமா?

முடியும், தேய்மானம் மட்டும். சம்பளக்காரங்களுக்கு பல செலவை சார்ஸ் வெட்டிடும், இது அதுலருந்து தப்பிச்ச ஒண்ணு. அதே மூணு வருஷக் கணக்கு, ஆனா வேலைக்கு உபயோகிக்கற பங்குக்கு மட்டும், சாயங்காலம் பசங்க கார்ட்டூன் பாக்கற பங்கு சேராது. வேலைக்கு லேப்டாப் கட்டாயம், கம்பெனி தரலைன்னு எச்ஆர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி பில்லோட வெச்சுக்கோங்க.

தமிழ்ல டைப் பண்ண வருமாங்க?

வரும். விண்டோஸ், மேக் ரெண்டுலயும் தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் உள்ளயே இருக்கு, எதையும் டவுன்லோட் பண்ண வேணாம்.

ரோபாட்ல (டிராஃபிக் சிக்னல்ல) நிக்கும்போது கண்ணாடியை ஒடைச்சு பையைத் தூக்கிட்டா? இன்ஷூரன்ஸ் தருமா?

வீட்டு சாமான் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தா வீட்டுக்கு வெளிய போனது சேராது. லேப்டாப்பை சீரியல் நம்பரோட தனியா, "ஆல் ரிஸ்க்ஸ்"னு சொல்றதுல சேக்கணும், தொழிலுக்கு உபயோகிக்கறதையும் முன்கூட்டியே சொல்லிடணும், மறைச்சா க்ளெய்ம் நேரத்துல அதையே புடிச்சுக்குவாங்க. கார் நிறுத்தின எடத்துல கதவு உண்மையா லாக் ஆச்சான்னு கைப்பிடியை இழுத்துப் பாத்துட்டுப் போங்க, ரிமோட்டை ஜாம் பண்றவங்க ஷாப்பிங் மால் பார்க்கிங்லதான் நிப்பாங்க. உடைச்சதுக்கான அடையாளம் இல்லாத திருட்டுக்கு பல பாலிசி காசு தராது. பையை டிக்கில வெக்கறதா இருந்தா கெளம்பற எடத்துலயே வெச்சுடுங்க, போய்ச் சேர்ந்த எடத்துல எறங்கி எல்லார் கண்ணு முன்னாடியும் டிக்கியைத் தொறந்து வெக்காதீங்க.

மெஷின் போனது ஒரு நஷ்டம், உள்ள இருக்க கஸ்டமர் ஐடி காப்பிங்க, பேங்க் விவரம் போனது இன்னொண்ணு. போப்பியாங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்த மாதிரி தகவல் அடுத்தவன் கைக்கு போயிருக்கலாம்னு நியாயமா நெனைக்க எடம் இருந்தா இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டருக்கும் சம்பந்தப்பட்டவங்களுக்கும் தெரிவிக்கணும். பிட்லாக்கரோ, மேக்ல ஃபைல்வால்ட்டோ ஆன்ல இருந்தா எடுத்தவனுக்கு அது வெறும் தகடு. அதனால வாங்கின அன்னிக்கே ஆன் பண்ணுங்க, ரெகவரி கீயை பிரின்ட் எடுத்து ஆஃபீஸ் பீரோல வைங்க, லேப்டாப் பையிலயே மடிச்சு வெச்சிருக்கவங்களையும் பாத்திருக்கேன். கேஸ் குடுக்க போலீஸ் ஸ்டேஷன் போறப்போ சீரியல் நம்பர் கேப்பாங்க, பெட்டி மேல இருக்க ஸ்டிக்கரை இப்பவே போன்ல போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கோங்க.